பட்டம் பெறுமுன் வேலை பழகுதல்: இராமநாதபுரக் கடற்கரைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் கடற்கரையிலும் அதையொட்டிய ஊர்களிலும் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இக்கல்லூரிகள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மாணவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். மீன்பிடிப்பு, கடல்பாசி, பனை, மிளகாய், வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் ஆகியவற்றை நம்பி நடக்கும் குடும்பங்களில் வளர்ந்த இவர்களுக்கு உழைப்பு புதிதன்று. வாய்மொழியாகக் கேட்டதை எழுத்தில் உறுதிசெய்தல், மற்றொருவர் சரிபார்க்கும்படி கணக்கு வைத்தல், தாமதம் ஆகும் என்றால் ஆவதற்கு முன்பே சொல்லுதல், பாதி முடிந்த வேலையை அடுத்தவரிடம் குழப்பமின்றி ஒப்படைத்தல் ஆகியவையே புதியவை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் ஒருவரை நிறுத்திக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முதலாளி முடிவு செய்வது இவற்றைப் பார்த்துத்தான்.

‘மென்திறன்’ என்ற பெயரில் ஆண்டுக்கொரு முறை வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைத்து, தன்னம்பிக்கை பற்றி இரண்டு மணி நேரம் பேச வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அதனால் எந்த மாணவரும் வாங்குபவருக்கு விலை சொல்லும் ஒரு விலைப்புள்ளி எழுதக் கற்றதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நிபந்தனையை வலியுறுத்துகிறது: மாணவர் செய்யும் ஒவ்வொரு பயிற்சிக்கும், அதை வாங்கிப் பயன்படுத்தப்போகும் ஒருவர் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதப்படும் கடிதத்தில் தொகை தவறாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. காத்திருக்கும் ஒருவருக்குப் போகும் கடிதத்தில் அதே தவறு இருந்தால் அவர் கூப்பிட்டுக் கேட்பார், அந்தக் கேள்வியில்தான் மாணவரின் கவனம் முழுதாக விழித்துக்கொள்கிறது.

முதல் படி: சுற்றுவட்டார வேலைகளை நேரில் கணக்கெடுங்கள்

இங்கே தொழிற்பேட்டை இல்லை, மென்பொருள் நிறுவனம் இல்லை, ஆகவே பயிற்சிக்கு இடமில்லை என்ற முறையீட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஆகிய ஊர்களின் இறங்குதளங்களில் நாள்தோறும் ஏலம் நடக்கிறது, எடைச்சீட்டு எழுதப்படுகிறது, பாக்கி புரட்டப்படுகிறது. நண்டு, கணவாய் பதப்படுத்தும் கூடங்களில் வெப்பநிலைப் பதிவேடு நிரப்பப்படுகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், கடல்பாசி ஆய்வுக்கான மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இயங்குகின்றன. இவற்றுள் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதலாவது நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது என்பதை நம் மாணவர்கள் பலர் அறியார். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் மண்டிகளில் கைமாறுகிறது. இராமேசுவரத்தின் தங்கும் விடுதிகள், கீழக்கரையின் வணிக அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றையும் சேர்த்தால், ஒரு வகுப்பு மாணவர் அனைவருக்கும் போதுமான இடங்கள் கல்லூரிப் பேருந்து போய்வரும் தொலைவிலேயே இருக்கின்றன.

கணக்கெடுப்பை ஆசிரியரே நேரில் செய்ய வேண்டும். படிவம் அச்சிட்டு மாணவரிடம் கொடுத்தனுப்பினால், ‘நல்லா பேசத் தெரியணும், கம்ப்யூட்டர் தெரியணும்’ என்ற விடையே எல்லாப் படிவங்களிலும் வரும். உங்களுக்கு எந்தத் திறன் வேண்டும் என்று கேட்காமல், கடைசியாகச் சேர்ந்த புதிய ஆள் என்ன பிழை செய்தார், அதைச் சரிசெய்ய யாருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேளுங்கள். விடுதி மேலாளர், ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்கு உறுதிசெய்த கதையைச் சொல்வார். பதப்படுத்தும் கூடத்தின் மேற்பார்வையாளர், மூன்று மணி நேர வெப்பநிலையை மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியவரைப் பற்றிச் சொல்வார். மண்டிக்காரர், வங்கியில் செலுத்திய தொகைக்கும் கணக்கேட்டுக்கும் ஒத்துப்போகாத நாளைச் சொல்வார். உங்கள் பாடத்திட்டத்தின் மூலப்பொருள் இந்தக் கதைகளே. விடைபெறும்போது, அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் தாள்களில் ஒவ்வொரு படி கேளுங்கள்: எடைச்சீட்டு, விலைப்புள்ளி, சரக்கு அனுப்பும் சீட்டு, வருகைப் பதிவேடு, வங்கிக்கு எழுதிய கடிதம். பெயர்களையும் கணக்கு எண்களையும் மறைத்த பிறகே அவை வகுப்பறைக்குள் வர வேண்டும்.

இரண்டாம் படி: திறனை ஒரு செயலாக எழுதுங்கள்

‘தகவல்தொடர்புத் திறன்’ என்று எழுதினால் அதை எப்படிக் கற்பிப்பது என்று யாருக்கும் விளங்காது. ‘வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்த ஆர்டரைக் கேட்டு, பொருள், அளவு, விலை, சேர வேண்டிய நாள், இடம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் வரிசைப்படுத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி உறுதிபெறுதல்’ என்று எழுதினால் நாளைக்கே கற்பிக்கலாம், அடுத்த வாரமே சோதிக்கலாம். இந்தக் கடற்கரையில் வியாபாரத்தின் பெரும்பகுதி இன்று குரல் செய்தியில் நடப்பதால், வெளியூர்ப் பாடநூல் எதிலும் இல்லாத இந்தத் திறனே இங்கே முதலிடம் பெற வேண்டியது.

ஒவ்வொரு திறனையும் யார், எதை வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரத்தில், எந்தத் துல்லியத்தோடு, யாருக்காகச் செய்து முடிக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முயலுங்கள். வாக்கியம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், அதற்குள் இரண்டு திறன்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள், பிரித்துவிடுங்கள். ஒரு பருவத்துக்கு ஐந்து அல்லது ஆறு போதும். பன்னிரண்டை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது கடினம், ஆனால் ஒரு செயலைத் தவறின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் நிலைக்கு மாணவர் வர வேண்டுமானால் அடக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் படி: காட்டி, செய்யவைத்து, விலகுங்கள்

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான புதிய ஆட்களுக்கு விரைவாக வேலை கற்பிக்க வேண்டியிருந்தது. அப்பொறுப்பை ஏற்ற சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர் ஆயத்தப்படுத்துதல், செய்துகாட்டுதல், செய்யவைத்தல், சோதித்தல் என்ற நான்கு கட்டங்களை வகுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அதே முறை செம்மைப்படுத்தப்பட்டு அந்நாட்டுத் தொழிற்சாலைகள் முழுவதும் பரவியது. கல்லூரி வகுப்பறை இன்றும் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுகிறது: ஆசிரியர் விளக்குகிறார், மாணவர் தலையசைக்கிறார், மணி அடிக்கிறது.

எடைச்சீட்டுகளிலிருந்து வாரக் கணக்குத் தயாரிக்கும் பயிற்சியை எடுத்துக்காட்டாக விரித்துச் சொல்கிறேன். ஒரு கமிஷன் கடையின் ஒரு வாரத்துச் சீட்டுகளை அப்படியே மாணவரிடம் கொடுங்கள். அதில் நெத்திலி, சூடை, காரல், கணவாய், நண்டு எல்லாம் கலந்திருக்கும். சில இடத்தில் கிலோ, சில இடத்தில் பெட்டி என்றிருக்கும். ஒரே வியாபாரியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பாடநூல் கணக்கைப் போல் இதைச் சுத்தப்படுத்திக் கொடுத்துவிடாதீர்கள், சுத்தப்படுத்துவதுதான் வேலையே.

கணினியைத் தொடுவதற்கு முன், இந்தக் கணக்கைக் கேட்டவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்ற கேள்விக்கு மாணவர் விடை எழுத வேண்டும். கடைக்காரருக்கு வேண்டியது, யார் எவ்வளவு பாக்கி என்பது. படகு உரிமையாளரான சம்மாட்டிக்கு வேண்டியது, தன் படகு எந்த நாளில் எவ்வளவு பிடித்தது, முன்பணம் கழிந்து கைக்கு எவ்வளவு வரும் என்பது. கேள்வி மாறினால் கணக்கின் வடிவம் மாறும் என்பதை இந்த இடத்திலேயே மாணவர் உணர்ந்துவிட்டால் மற்றவை எளிது.

அடுத்து எக்செல் தாளைத் திறந்து, நாள், படகு, மீன், எடை, கிலோ விலை, வாங்கியவர், பெற்ற தொகை என்று பத்தி ஒன்றுக்கு ஒரு செய்தியாக அமைத்து, முதல் பத்து வரிகளை ஆசிரியர் நிரப்பிக் காட்ட வேண்டும். முதல் முறை பேசாமல் மெதுவாகச் செய்யுங்கள், இரண்டாம் முறை ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தேதியைத் தேதியாகவே உள்ளிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது குழம்பும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கிலோ’ என்று தட்டினால் கணினி அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காது. அழகுக்காகக் கட்டங்களை ஒன்றிணைக்கக் கூடாது. பெட்டிக் கணக்கைக் கிலோவாக மாற்றும்போது, பெட்டி ஒன்றுக்கு எத்தனை கிலோ என்று யாரிடம் கேட்டு எடுத்தோம் என்பதைத் தாளின் அடியில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாம் முறை மாணவர் செய்வார், ஆனால் செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தடுமாறும் இடமே அவர் பார்த்து எழுதுகிற இடம் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அடுத்த வகுப்பில் இரண்டு பத்திகளை மட்டும் நிரப்பிய தாளைக் கொடுங்கள், அதற்கடுத்த வகுப்பில் வெற்றுத்தாளைக் கொடுங்கள். உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்காமல் ஒரேயடியாக விலகினால், நன்றாகத் தட்டச்சு செய்யும் இருவர் வகுப்பு முழுமைக்கும் செய்து கொடுத்துவிடுவார்கள்.

கூட்டுத்தொகை கைக்கணக்கோடு ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்பதற்குத் தனி வகுப்பே ஒதுக்க வேண்டும். வேலையில் அமர்ந்த மாணவர் உண்மையில் திணறுவது இங்கேதான். வேறுபாடு 9ஆல் மீதமின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது கணக்கர்களின் பழைய உத்தி: 540ஐ 450 என்று எழுதினால் வேறுபாடு 90. புள்ளி நழுவினாலும் இதே அடையாளம் தென்படும்; 12.5ஐ 125 ஆக்கினால் வேறுபாடு 112.5, அது 12.5ஐப் போல் ஒன்பது மடங்கு. வேறுபாடு ஏதேனும் ஒரு சீட்டின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்தச் சீட்டு விடுபட்டிருக்கலாம். அதன் இரு மடங்காக இருந்தால் வரவில் வைக்க வேண்டியதைப் பற்றில் வைத்திருக்கலாம். இவற்றைத் தேடிப் பார்த்தும் கிடைக்காதபோது, கணக்கு ஒத்துப்போகும்படி எங்கோ ஒரு எண்ணைத் திருத்திவிடாமல், ‘இவ்வளவு வேறுபாடு உள்ளது, இந்தச் சீட்டுகளைச் சரிபார்த்துவிட்டேன், இவை மீதமுள்ளன’ என்று எழுதி ஒப்படைக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்.

பதிவின் நேர்மை வெறும் ஒழுக்கப் பாடம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல்பிடி மீனுக்கு 2010ஆம் ஆண்டிலிருந்து, அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. இந்தியாவில் அதை வழங்குவது 1972ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். பாம்பனில் ஒரு மாணவர் எழுதும் படகின் பெயர் கடல் கடந்து ஒரு கோப்பில் போய் உட்காரும். உறைமீன் கிடங்கில் வெப்பநிலை கழித்தல் 18 பாகை செல்சியசுக்கு மேலே ஏறக் கூடாது என்பதும், ஏறிய நேரத்தை மறைக்காமல் அப்போதே பதிய வேண்டும் என்பதும் நுண்ணுயிரியல் மாணவருக்கும் விலங்கியல் மாணவருக்கும் தேர்வு விடையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஒரு வெப்பமானியையும் ஒரு பதிவேட்டையும் ஆய்வகக் குளிர்பெட்டியின் பக்கத்தில் வைத்து, மணிக்கொருமுறை பதியும் பொறுப்பை மாணவரிடம் ஒரு மாதம் கொடுங்கள். பின்னோக்கி நிரப்பப்பட்ட பக்கத்தை அவர்களே கண்டுபிடிக்கப் பழகுவார்கள்: ஒரே மையில், ஒரே சாய்வில், எண்கள் மிக ஒழுங்காக இருக்கும்.

நான்காம் படி: மதிப்பீடு தயாரிக்கும்போது அனுமானத்தை எழுதவையுங்கள்

பொருளியல், வணிகவியல் மாணவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுதும் பயிற்சி மிகவும் பயன்படும், அதற்கு இக்கடற்கரையில் கடல்பாசி வளர்ப்பைவிடப் பொருத்தமான களம் இல்லை. பாம்பன், மண்டபம் பகுதிகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசியை வளர்க்கின்றன. மிதவை ஏறத்தாழ 12 அடிக்கு 12 அடி, விதைப்பாசியைக் கட்டி விட்டு 45 நாளில் அறுவடை செய்வார்கள். ஒரு குழுவுக்கு வங்கிக் கடன் கேட்பதற்கான இரண்டு பக்க அறிக்கை எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மாணவர் 365 நாளை 45ஆல் வகுத்து, ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று போடுவார். வங்கி மேலாளர் அந்தத் தாளைப் பார்த்தவுடன் ஐப்பசி, கார்த்திகையில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்பார். வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலையில் மிதவை நிற்காது. கோடை வெப்பத்தில் பாசி வெளுத்து அழுகும் ஆபத்துண்டு. மேயும் மீன்கள் விதைப்பாசியைக் கடித்துக் குறைக்கும். இவற்றை மாணவர் இணையத்தில் தேடுவதைவிட, பாசி வளர்க்கும் பெண்களிடம் உட்கார்ந்து கேட்பதே சிறந்த வழி. சிலருக்கு அந்தப் பெண் தன் அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது அளந்ததா, கேட்டதா, ஊகித்ததா என்று குறிக்க வேண்டும். நல்ல ஆண்டு, நடுத்தர ஆண்டு, கெட்ட ஆண்டு என்று மூன்று கணக்குகள் காட்ட வேண்டும். கெட்ட ஆண்டிலும் தவணை கட்ட முடியுமா என்பதே கடைசி வரியாக இருக்க வேண்டும். அறிக்கையைக் குழுத் தலைவியிடம் வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகே ஆசிரியர் அதைக் கையில் வாங்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரண்டு மொழியிலும் அலுவலக நடையைப் பழக்குங்கள்

ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதத் தெரிந்த மாணவர் பலருக்கு, தமிழில் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தெரிவதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசையும், பார்வையில் முந்தைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறிக்கும் முறையும், ஒரு பத்திக்கு ஒரு கோரிக்கை என்ற கட்டுப்பாடும் ஓரிரு வகுப்பில் வந்துவிடும். தமிழ்த் தட்டச்சுக்குக் கூடுதல் காலம் வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறி எழுத்துருவோடு நாள்தோறும் அரை மணி நேரம் பழகினால் ஒரு பருவத்தில் கை படியும், அந்தத் திறனைத் தேடும் சிறு அலுவலகங்கள் இங்கே நிறைய உள்ளன.

மின்னஞ்சலில் பொருள்வரியை மட்டும் படித்தே என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று பெறுபவருக்குத் தெரிய வேண்டும். இணைப்பைச் சேர்த்த பிறகே முகவரியைத் தட்டச் சொல்லுங்கள். இணைப்பில்லாமல் போகும் அஞ்சல்கள் அதோடு நின்றுவிடும்.

கேள்வி கேட்பதையும் கெட்ட செய்தி சொல்வதையும் தனியே பழக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரியவர் சொன்னதைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் நம் மாணவர்கள். புரியாவிட்டாலும் ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு, மாலை வரை தவித்து, கடைசியில் தவறாகச் செய்து கொடுப்பார்கள். ‘நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள் ஐயா: முதலில் இது, பிறகு அது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்’ என்று திருப்பிச் சொல்லும் வாக்கியத்தை அவர்களுடைய வாயில் பழக்கிவிடுங்கள். கீழக்கரைக் கடையில் அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்று அழைக்கும் உறவின் உரிமையோடும் இதைச் சொல்லலாம், அலுவலகத்தில் ஐயா என்று சொல்லியும் கேட்கலாம். தாமதத்தைச் சொல்வதற்கும் இப்படி ஒரு வடிவம் கொடுங்கள்: என்ன முடியவில்லை, ஏன், இப்போது எந்த நிலையில் உள்ளது, எப்போது முடியும். மன்னிப்புக் கேட்பதிலேயே பத்து வரியைச் செலவிட்டு, எப்போது முடியும் என்பதைச் சொல்லாமல் விடுவது மாணவரின் பொதுவான குறை. வகுப்பில் மூவர் மூவராக நிற்கவைத்து, ஒருவர் மேலாளராகவும் மற்றவர் பணியாளராகவும் நடிக்க, மூன்றாமவர் குறித்துக்கொள்ளட்டும். கூச்சம் தெளிய நாலைந்து சுற்று ஆகும், அதற்கு இடம் கொடுங்கள்.

ஆறாம் படி: வேலையிடத்துக்கு அனுப்பும் முன் ஒப்பந்தம் எழுதுங்கள்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. நம் கோடை விடுமுறை இதோடு ஒட்டி வருவது ஒரு வாய்ப்பு. ஏலமும் பதப்படுத்தலும் குறையும் அந்த மாதங்களில் படகு பழுதுபார்த்தல், இயந்திர உதிரிபாகக் கணக்கு, வலை இருப்பு, பழைய பாக்கி ஒத்துப்பார்த்தல் ஆகிய வேலைகள் குவிகின்றன. சொல்லிக்கொடுக்க ஆட்களுக்கு நேரமும் இருக்கிறது. கணக்கு, இருப்புப் பதிவு கற்ற மாணவரை அப்போது அனுப்புங்கள், பதப்படுத்தும் கூடத்துக்குச் செல்ல வேண்டியவரைத் தடைக்காலம் முடிந்த பிறகு அனுப்புங்கள். இராமேசுவரம் விடுதிகளுக்குத் தை, ஆடி அமாவாசைகளுக்குச் சில வாரங்கள் முன்பே மாணவர் போய்ச் சேர வேண்டும். கூட்ட நாளில் புதிதாகப் போய் நிற்பவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஓய்விருக்காது.

ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் எவரையும் அனுப்ப வேண்டாம். மாணவர் செய்யப்போகும் மூன்று வேலைகள், வேலை நேரம், வழிகாட்டும் பணியாளரின் பெயர், போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது, செய்யக் கூடாதவை என்று ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தனியாக ரொக்கம் கையாளுதல், கடலுக்குள் செல்லுதல், மின்நிலையத்தில் மின்னோட்டம் உள்ள பகுதியைத் தொடுதல் ஆகியவை செய்யக் கூடாதவற்றில் வரும். மூன்று மாதம் முழு ஆளின் வேலையை வாங்கிக்கொண்டு ‘அனுபவம் கிடைக்குமே’ என்று வெறுங்கையோடு அனுப்பும் இடத்துக்கு நம் பிள்ளைகளை விட முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கற்பதற்கான சில வாரங்கள் வேறு, சம்பளமில்லா உழைப்பு வேறு.

மாணவிகளை அனுப்பும் இடத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் அது கட்டாயம். அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடத்துக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு, பயிற்சிக்கு வரும் மாணவியும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஒப்பந்தத்தில் வேலை நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள். பெற்றோரிடம் ஆசிரியர் ஒரு முறை பேசிவிட்டால் பாதித் தயக்கம் தீரும்.

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் படிப்புகளை இதற்கு மாற்றாகக் கருதாமல் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டம் முடித்தவர்க்கு, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி உண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்பதால், சிறு நிறுவனங்களையும் இதில் பதிவுசெய்ய வைக்கலாம்.

ஏழாம் படி: நாட்குறிப்பும் திருத்தமும்

பயிற்சிக் காலத்தில் மாணவர் ஒவ்வொரு மாலையும் மூன்று செய்திகள் எழுதினால் போதும்: இன்று என்ன செய்து யாரிடம் கொடுத்தேன், எது திரும்பி வந்தது, எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘இன்று நல்ல அனுபவம்’ என்ற வரியை ஏற்காதீர்கள். வாரம் ஒருமுறை ஆசிரியர் நேரில் போய், ‘திரும்பி வந்தது’ என்ற பத்தியை மட்டும் மாணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே பிழை மூன்று முறை திரும்பி வந்திருந்தால் அது வகுப்பில் நாம் சரியாகக் கற்பிக்காத பிழை.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரு குறையைச் சொல்லுங்கள். தாள் முழுதும் சிவப்பு மையால் நிரப்பினால் மாணவர் எதை முதலில் சரிசெய்வது என்று அறியாமல் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடுவார்.

எட்டாம் படி: மதிப்பிடுதல்

தேர்வு, கற்பித்த செயலாகவே இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் வரையறை கேட்பது பயனற்றது. புதிய சீட்டுக் கட்டு ஒன்றையும் ஒரு குரல் செய்தியையும் கொடுத்து, தொண்ணூறு நிமிடத்தில் கணக்கும் உறுதிக் கடிதமும் தயாரிக்கச் சொல்லுங்கள். கல்லூரிக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர், அவர் கடைக்காரராக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கச் செயலராக இருக்கலாம், அந்தத் தாளைப் பார்த்து மூன்றில் ஒன்றைச் சொல்வார்: அப்படியே பயன்படும், சிறு திருத்தத்தோடு பயன்படும், மீண்டும் செய்ய வேண்டும். மீண்டும் செய்ய வாய்ப்பளித்து, இரண்டாம் முறை பெறும் நிலையையே உள்மதிப்பீட்டில் சேருங்கள். நான்கைந்து வாரம் கழித்து முன்னறிவிப்பின்றி அதே வகைச் சோதனையை ஒருமுறை வையுங்கள், அப்போதும் கை நினைவில் வைத்திருந்தால்தான் கற்றதாகக் கொள்ள வேண்டும்.

இப்படித் தேறிய தாள்களை, பெயர்களை மறைத்து, ஒரு கோப்பாகத் தொகுத்து வைத்துக்கொள்ளும்படி மாணவரிடம் சொல்லுங்கள். ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்’ என்று தன்விவரக் குறிப்பில் எழுதுவதைவிட, நேர்காணலில் அந்தக் கோப்பை மேசைமேல் வைப்பது எத்தனையோ மடங்கு பேசும்.

வெளிநாடு செல்ல நினைக்கும் மாணவருக்கு ஒரு வகுப்பு கூடுதலாக வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்க்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், அரசின் சரிபார்ப்பு அவர்களை எட்டாமலே போய்விடக்கூடும். அழைத்துச் செல்லும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா, ஒப்பந்தத்தில் பணியின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் பயணச்செலவு ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா, விசா வேலை விசாவா அல்லது சுற்றுலா விசாவா என்று தாங்களே படித்துச் சரிபார்க்கப் பழக்குங்கள். உண்மையான ஒப்பந்தப் படி ஒன்றை வைத்து வரிவரியாக நடத்தினால், இந்த ஒரு வகுப்பு ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றும்.

ஒன்பதாம் படி: ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்

வேலையிடங்கள் நில்லாமல் மாறுகின்றன. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகு இராமேசுவரத்துக்கு மீண்டும் ரயில்கள் போகின்றன; விடுதிகளின் முன்பதிவு வரவும் அதற்கேற்ப மாறும். கையெழுத்துச் சீட்டு வைத்திருந்த கடை கைப்பேசிச் செயலிக்குப் போயிருக்கும். ஆகவே ஜூன் மாதத்தில் வகுப்பு தொடங்கும் முன், முந்தைய ஆண்டு பயன்படுத்திய தாள்களை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்கு மீண்டும் செல்லுங்கள். இன்னும் இதே படிவம்தானா, கடைசியாக வந்த மாணவர் எங்கே தடுமாறினார் என்று கேளுங்கள். வழக்கிழந்த படிவத்தை நீக்கிவிட்டு, புதிய பிழைக்குப் புதிய பயிற்சி எழுதிச் சேருங்கள். பயிற்சி முடித்த மூத்த மாணவர் இருவரை முதல் மூன்று வகுப்புகளில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இடங்களின் பட்டியல், ஒப்பந்த நகல்கள், பயிற்சித் தாள்கள் ஆகிய மூன்றையும் துறைத் தலைவரின் அலமாரியில் ஒரு கோப்பில் வைத்துவிட்டால், நீங்கள் வேறு கல்லூரிக்கு மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் இரண்டாம் படியிலிருந்தே தொடங்கலாம்.